சாக்கோ மேசையில் மூன்றாவது நாற்காலி

அந்த மாநாட்டில் நிமியாவுக்குக் கிடைத்த வேலை, வரைபடத்துக்குப் பக்கத்தில் குச்சியோடு நிற்பது. பராகுவே தரப்பில் மொத்தம் ஒன்பது பேர். தலைமைத் தூதர், துணைத் தூதர்கள், ராணுவ ஆலோசகர், சட்ட ஆலோசகர் என்று ஆளுக்கொரு பதவி. பட்டியலின் கடைசிப் பெயர் நிமியா. பேச்சுவார்த்தையில் யாராவது ஒரு கோட்டையின் பெயரைச் சொன்னால் அவள் அதை வரைபடத்தில் தொட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"உனக்குத்தான் சாக்கோ நல்லாத் தெரியுமே. நாங்கள்லாம் ஃபோன்ல பார்த்ததோட சரி" என்று தலைமைத் தூதரான டெர்லிஸ் சொன்னபோது, அதில் கேலி எவ்வளவு, பாராட்டு எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அவள் சாக்கோவிலிருந்து வந்தவள் என்பது உண்மை. அங்கத்திய பூர்வகுடியான என்லெட் இனத்துப் பெண். அப்பா எயுலாலியோ அங்கே ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறார். உதவித்தொகை கிடைத்து, பதினைந்து வயதில் தலைநகர் அசுன்சியோனுக்கு வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இப்போது பதினேழு. அந்தப் பள்ளியில் அவளை விட்டால் என்லெட் பிள்ளை வேறு யாரும் கிடையாது.

ஒவ்வொரு செப்டம்பரிலும், சாக்கோப் போரின் வெற்றி நாள் விடுமுறைக்கு முந்தின வாரம், பள்ளியின் பெரிய மண்டபத்தில் இந்த நாடகம் நடக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சாக்கோ நிலத்துக்காகப் பராகுவேயும் பொலிவியாவும் மூன்று வருடம் அடித்துக்கொண்டு செத்தபிறகு, அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸில் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தையை மாணவர்கள் நடித்துக் காட்டுவார்கள். அந்த வருடம் ஒரு புதுமை. பொலிவியாவாக நடிக்க உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பதில் பொலிவியாவிலிருந்தே பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள வில்யமொந்தேஸிலிருந்து எட்டுப் பேர், புழுதி படிந்த பேருந்தில். அதனால் மண்டபத்தில் நாற்காலி பற்றவில்லை. பெற்றோர், பழைய மாணவர்கள், இரண்டு தொலைக்காட்சிக்காரர்கள் என்று கூட்டம்.

நடத்துபவர் வரலாற்று ஆசிரியர் இன்ஸ்ஃப்ரான். சமாதானம் பேசிவைத்த அர்ஜென்டினா அமைச்சராக அவரே நடுவில் உட்கார்ந்து, மரச் சுத்தியலும் கையுமாக இருப்பார். பேச்சுகளை எழுதுவதும் அவரே. முதல் நாள் காலை ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைக் காகிதத்தில் கொடுத்தார்கள். நிமியாவுக்கும் ஒன்று வந்தது. அவள் எதிர்பார்க்கவில்லை.

"உனக்கும் ஒரு வரி போட்டிருக்கேன். குச்சியைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னா நல்லா இருக்காதுல்ல" என்றார் இன்ஸ்ஃப்ரான். நல்ல மனதோடுதான் சொன்னார்.

காகிதத்தில் இருந்தது இது: 'எங்கள் வீரர்கள் காலடி வைக்கும்வரை சாக்கோவில் மனிதர் எவரும் குடியிருக்கவில்லை. ஆளில்லாப் பாழ்நிலத்துக்கு உயிர் கொடுத்தது பராகுவே.'

அவள் மூன்று தடவை படித்தாள். பின்னால் திரும்பி வரைபடத்தைப் பார்த்தாள். கோட்டைகள் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. புள்ளிகளுக்கு நடுவே வெள்ளை. பண்ணைக்குப் பக்கத்தில் அவள் வீடு இருக்கும் இடமும் வெள்ளைதான்.

டெர்லிஸ் அருமையாகப் பேசினான். அவனுடைய கொள்ளுத்தாத்தா அந்தப் போரில் ஒரு கையை விட்டுவிட்டு வந்தவர். அதைச் சொன்னபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சட்ட ஆலோசகர் பேசினாள். பிறகு ஒலிவாங்கி நிமியாவிடம் வந்தது.

"இதை நான் வாசிக்க மாட்டேன்" என்றாள்.

இதுவும் நாடகத்தில் ஒரு கட்டம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஓரிருவர் கைகூடத் தட்டினார்கள். இன்ஸ்ஃப்ரான் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"நிமியா, உன் வரி…"

"தெரியும் ப்ரொஃபெ. பொய்யின்னும் தெரியும். அதான் வாசிக்கல."

ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

இடைவேளையில் டெர்லிஸ் அவளைத் தாழ்வாரத்தில் பிடித்தான். அவன் கையில் தெரேரே என்னும் குளிர்ந்த மூலிகைப் பானக் கோப்பை இருந்தது. மற்ற நாளாக இருந்தால் அவளுக்கும் ஒரு வாய் நீட்டியிருப்பான். இன்று நீட்டவில்லை.

"என்னடி பண்ணித் தொலைச்சே? பொலிவியாக்காரன் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே."

"உன் மானமா, என் மானமா?"

"ஒரு வரி! ஒரே ஒரு வரி! அந்தக் காலத்துத் தூதர் அப்படித்தான் பேசியிருப்பாரு. நீ நடிக்கிறே, அவ்வளவுதான். நான்கூடத்தான் மீசை ஒட்டியிருக்கேன். நிஜ மீசையா இது?"

"மீசையைச் சாயங்காலம் பிச்சுப் போட்டுருவே. அந்த வரியை வாசிச்சா எங்க அப்பாகிட்ட ஃபோன்ல என்ன பேசுவேன்? 'அப்பா, நீங்க இல்லவே இல்லையாம், இன்னிக்கு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்'னா?"

டெர்லிஸ் பதில் சொல்வதற்குள் இன்ஸ்ஃப்ரான் வந்துவிட்டார். அவர் கோபப்படுகிறவர் அல்ல. கோபப்படாமலே காரியத்தை முடிப்பவர். நிமியாவைப் பராகுவே தரப்பிலிருந்து எடுத்துவிட்டதாகவும், நாளை முதல் அவள் மேசைக்கு மேசை சீட்டு கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றும் சொன்னார். "அதுல வசனம் இல்லை. உனக்கும் சிரமம் இல்லை, எனக்கும் சிரமம் இல்லை."

அப்படி இரண்டாம் நாள் அவள் சீட்டு சுமந்தாள். மாநாட்டில் பேசக் கூடாத நேரத்தில் தூதர்கள் ஒருவருக்கொருவர் எழுதி அனுப்பும் துண்டுச் சீட்டுகள். பாதிக்கு மேல் அரட்டைதான். 'உங்க ராணுவ ஆலோசகர் தூங்குறார்', 'மத்தியானம் சீபா ரொட்டி குடுப்பாங்களா?' இவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சுவரோரம் வந்து நிற்பாள். நிற்கும்போது அவளுக்கு ஒரே வேலை, விதிப்புத்தகத்தைப் படிப்பது. பதினேழாவது விதி அவள் கண்ணில் பட்டது. 'எந்தத் தரப்பும் ஒரு சாட்சியை அழைக்கலாம். சாட்சி பேசி முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது.' இதுவரை எந்த வருடமும் யாரும் பயன்படுத்தாத விதி.

அதை வேறொருத்தியும் படித்திருந்தாள். பொலிவியாவின் தலைமைத் தூதர் வாரா சோக்கே. ஒல்லியான பெண். பேசும்போது விரலால் மேசையைத் தட்டுவாள். மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் நிமியாவிடம் வந்தாள்.

"நேத்து நீ பேசினதைக் கேட்டேன். பராகுவே சொல்றது பொய்யின்னு அவங்க ஆளே சொன்னா, எங்களுக்கு அதைவிட வேறென்ன வேணும்? நாளைக்கு உன்னைச் சாட்சியா கூப்பிடறேன். வர்றியா?"

"உங்களுக்காகவா?"

"உண்மைக்காகன்னு வச்சுக்கோயேன்."

நிமியா கைகளைக் கழுவி, பாவாடையில் துடைத்தாள். பொலிவியா அழைத்து, பராகுவேயின் பள்ளியில், வெற்றி நாள் வாரத்தில் சாட்சிக் கூண்டு ஏறினால் தன்னை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெயர் வாய்க்கு வாய் போய் விடுதிச் சாப்பாட்டு மேசைக்கும் வந்து சேரும்.

"வர்றேன். ஆனா ஒண்ணு. நான் ஆரம்பிச்சா பாதியில நிறுத்த மாட்டேன். உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்லுவேன்."

"சொல்லேன். எங்களுக்கு என்ன பயம்?" என்றாள் வாரா. அவளுக்கு வயது பதினெட்டு. பயமில்லை என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

மூன்றாம் நாள் காலை வாரா எழுந்து பதினேழாவது விதியைச் சொன்னதும், இன்ஸ்ஃப்ரான் தன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அவரே எழுதிய விதி. மறுக்க வழியில்லை. சாட்சிக்கு நாற்காலி எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாட்டு மேசைகளுக்கும் நடுவே சும்மா கிடந்த இடத்தில் நிமியாவே ஒன்றை இழுத்துப் போட்டாள். கால் தேய்ந்து கீச்சென்று சத்தம் வந்தது. உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாட்சி எந்த நாடு?" என்று கேட்டார் இன்ஸ்ஃப்ரான். கேட்க வேண்டிய கேள்விதான், பதிவேட்டுக்காக.

"நாடு இல்லை. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்ட இடம் இருக்குல்ல, அதுல குடியிருந்த ஆளு."

பராகுவே பக்கமிருந்து யாரோ "பொலிவியாக்காரி!" என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. அவள் காத்திருந்தாள். சிரிப்பு அடங்கியது.

வரைபடத்துக்குப் போனாள். குச்சி வேண்டியிருக்கவில்லை. ஒரு சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தாள்.

"இது சான் இசித்ரோ கோட்டைன்னு எழுதியிருக்கு. இது ஒரு குளம். நாரைங்க முட்டை வைக்கிற தண்ணின்னு எங்க பாஷையில பேரு. இது லெப்டினன்ட் ஓர்த்தெகா கோட்டை. இதுவும் குளம்தான். காஞ்ச மாசத்துலயும் வத்தாது, அதனால அதுக்கு 'போகாத தண்ணி'ன்னு பேரு. இது, இது, இது, எல்லாம் குளம். சாக்கோவுல தண்ணி இருக்கிற இடம் கொஞ்சம். அதுல ஒண்ணுவிடாம யாராவது இருந்தாங்க. ராணுவம் வந்துச்சு, தண்ணியைப் பார்த்துச்சு, மேல கோட்டையைக் கட்டுச்சு. அங்க இருந்தவங்க எங்க போனாங்கன்னு ரெண்டு நாட்டுப் புத்தகத்துலயும் இல்லை. ஆள் இருந்தாத்தானே போவாங்க? அதனால ஆளே இல்லைன்னு எழுதிட்டீங்க."

வாரா தலையாட்டிக்கொண்டிருந்தாள். விரல் மேசையைத் தட்டியது. பராகுவே மேசை இறுகிப் போயிருந்தது.

"டெர்லிஸ்" என்றாள் நிமியா, திரும்பி. "உங்க கொள்ளுத்தாத்தா தாகத்துல சாகாம எப்படித் தப்பிச்சாரு?"

கேள்வி அவனை நோக்கி வரும் என்று அவன் நினைக்கவில்லை. ஒட்டு மீசையைத் தடவினான். "ஒரு வழிகாட்டி தண்ணி இருக்கிற இடத்தைக் காட்டினான்னு சொல்லுவாரு."

"அவன் பேரு?"

"அதைச் சொன்னதில்லை" என்றான் டெர்லிஸ்.

"சரி, நான் எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். எங்க அப்பாவோட தாத்தாவுக்கு ரெண்டு தம்பிங்க. மூத்தவன் தேன் எடுக்கப் போனான். பராகுவே சிப்பாய்ங்க பிடிச்சாங்க. பொலிவியாவுக்கு உளவு சொல்றவன்னு சுட்டுட்டாங்க. அவனுக்குப் பொலிவியான்னா என்னன்னே தெரியாது."

பொலிவியா மேசையில் ஒரு பையன் "கேட்டுக்கோங்க!" என்றான்.

"இருங்க, முடியல. சின்னவன் அண்ணனைத் தேடிப் போனான். அவனைப் பொலிவியா சிப்பாய்ங்க பிடிச்சாங்க. பராகுவேவுக்கு உளவு சொல்றவன்னு சொன்னாங்க. தோட்டாவை வீணாக்க வேணாம்னு நினைச்சாங்களோ என்னவோ, மரத்துல கட்டி வெயில்ல விட்டுட்டாங்க."

வாராவின் விரல் தட்டுவதை நிறுத்தியது.

"அப்புறம் சிப்பாய்ங்களோட அம்மை வந்துச்சு. எந்த நாட்டுச் சிப்பாயோட அம்மைன்னு எங்களுக்குத் தெரியாது. புதைக்க ஆள் இல்லாம…"

"சாட்சிக்கு நன்றி" என்றாள் வாரா, எழுந்து. "எங்கள் தரப்புக்கு இவ்வளவு போதும்."

"எனக்குப் போதாது."

"சாட்சியை அழைச்சது நாங்க. முடிக்கிறதும் நாங்கதான்."

"விதியைப் படி. சாட்சி பேசி முடிக்கிறவரை குறுக்கிடக் கூடாது. 'எங்களுக்கு என்ன பயம்'னு நேத்து கேட்டேல்ல? இதான்."

இன்ஸ்ஃப்ரான் சுத்தியலால் தட்டினார். ஒருமுறை, இருமுறை. நிமியா நிறுத்தவில்லை. அவர் யாருக்கோ சைகை செய்ய, ஒலிவாங்கி செத்துப்போனது. பரந்த வெளியில் தூரத்து மாட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுடையது. ஒலிவாங்கி இல்லாமலே அது கடைசி வரிசைக்குப் போயிற்று.

"புதைக்க ஆள் இல்லாம குடிசையோட எரிச்சோம். மிச்சம் இருந்தவங்க வேலிக்கு வெளியே நின்னு வேலை கேட்டாங்க. இன்னிக்கும் கேக்கறாங்க. அந்தக் குளங்கள்ல ஒண்ணுல எங்க அப்பா இப்ப அடுத்தவன் மாட்டுக்குத் தண்ணி காட்டறாரு. நீங்க இன்னிக்கு மத்தியானம் இந்த மேசையில உக்காந்து, கோடு போட்டு, கை குலுக்கிப் படம் எடுத்துக்குவீங்க. எடுத்துக்கோங்க. ஆனா யாருமில்லாத நிலத்தைப் பங்கு போட்டோம்னு மட்டும் சொல்லாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

அதற்குப் பிறகுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பின்வரிசையில் ஒரு பெண்மணி கைதட்டத் தொடங்கி, தனியாக இருப்பதைக் கவனித்து நிறுத்திவிட்டாள்.

முதலில் எழுந்தது வாரா. "சாட்சியம் பேசுபொருளுக்கு வெளியே போய்விட்டதால், இதைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோருகிறோம்." குரல் மெலிந்திருந்தது. அவர்களோடு பேருந்தில் வந்து, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியர் தலையசைத்தார்.

"வழிமொழிகிறோம்" என்றது பராகுவே மேசை. சொன்னது சட்ட ஆலோசகர். டெர்லிஸ் தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாளில் இரண்டு நாடுகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். எல்லைக்கோடு, கைதிகள் பரிமாற்றம், ஆற்றுத் துறைமுகம், எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒரு நிமிடத்தில் ஒத்துப்போனார்கள். கைகள் உயர்ந்தன. டெர்லிஸின் கை மார்புவரை வந்து அங்கேயே நின்றது. அதையும் ஒரு வாக்காக எண்ணிக்கொண்டார்கள்.

"நீக்கப்பட்டது" என்றார் இன்ஸ்ஃப்ரான்.

"அப்படியே எழுதுங்க ப்ரொஃபெ" என்றாள் நிமியா, உட்கார்ந்தபடியே. "ரெண்டு நாடும் சேர்ந்து நீக்கினதுன்னு எழுதுங்க. யார் பேசினதை நீக்கினாங்கன்னும் எழுதுங்க."

அவர் எழுதினாரா என்று அவளுக்குத் தெரியாது. எழுந்து போகச் சொன்னார்கள், போகவில்லை. கோடு போட்டு, கையெழுத்திட்டு, கைகுலுக்கி முடியும்வரை இரண்டு மேசைகளுக்கும் நடுவே அதே நாற்காலியில் இருந்தாள். மறுநாள் செய்தியில் வந்த படத்தில், கைகுலுக்கும் இருவருக்கும் இடையே அவள் தோளும் பின்னலும் தெரிந்தன.

வில்யமொந்தேஸ் பேருந்து கிளம்பும் முன் வாரா அவளைத் தேடி வந்தாள்.

"எங்க ப்ரொஃபெ, அப்பா அம்மா, எல்லாரும் நேரலையில பார்த்துட்டு இருந்தாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"என்னையும்தான் பார்த்துட்டு இருந்தாங்க" என்றாள் நிமியா.

வாரா இன்னும் ஏதோ சொல்ல நின்றாள். நிமியா உதவவில்லை. பேருந்து போயிற்று.

திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். விருந்தினரை அவமதித்தது, மாநாட்டுத் தலைவரின் கட்டளையை மீறியது என்று குற்றங்கள். எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகைக் குழு மறுபரிசீலனை செய்யும். அப்பாவுக்கும் தகவல் போயிற்று.

எயுலாலியோ புதன்கிழமை வந்தார். ஏழு மணிநேரப் பயணம். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சலவைச் சட்டையோடு வந்திருந்தார். விடுதி முற்றத்தில் பூத்துக் கொட்டியிருந்த லபாச்சோ மரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"எழுதிக் குடுத்துரும்மா. நாலு வார்த்தை. படிப்பு முக்கியம்" என்றார்.

"முடியாதுப்பா."

"அவங்ககிட்ட நமக்கு என்ன வீம்பு? பண்ணையில நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேக்கறேன் தெரியுமா? வாயிலேர்ந்து காத்து போற மாதிரிதான். ஒண்ணும் குறைஞ்சு போகாது."

"உங்களுக்குக் குறைஞ்சிருக்குப்பா. நீங்க கவனிக்கல."

சொன்னவுடனே அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அப்பாவிடம் அப்படிப் பேசியதே இல்லை. எயுலாலியோ மடியில் விழுந்த பூ ஒன்றை எடுத்துக் கீழே போட்டார்.

"அங்க என்னதான் சொன்னே?" என்று கேட்டார்.

சொன்னாள். குளங்கள், தேன், இரண்டு தம்பிகள், வெயில்.

"ரெண்டு பேர் இல்லை. மூணு பேர். நடுவுல ஒரு தங்கச்சி இருந்தா. சிப்பாய்ங்க கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரலை."

"எந்த நாட்டுச் சிப்பாய்?"

"எங்க அப்பா அதைச் சொல்லவே இல்லை."

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

"பொம்பளைப் பிள்ளைகிட்ட எப்படிம்மா சொல்றது?"

நிமியா நோட்டைத் திறந்தாள். மண்டபத்தில் சொன்னதையெல்லாம் தலைமையாசிரியைக்கு முந்தின நாளே எழுதி வைத்திருந்த கடிதம் அதில் இருந்தது. அப்பாவிடம் நீட்டினாள். அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். படித்து முடித்ததும், "இதுல மூணாவது ஆளைச் சேரு" என்றார். அவள் சேர்த்தாள். பெயர் கேட்டாள். அவர் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவையாக இருக்க வேண்டும். சொல்வதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். பிறகு அவளிடமிருந்து பேனாவை வாங்கி, அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

தலைமையாசிரியை கடிதத்தை இருமுறை புரட்டினார்.

"இதில் மன்னிப்பு என்கிற வார்த்தையையே காணோமே?"

"தேடாதீங்க மேடம். நாங்க எழுதல."

அந்த 'நாங்க'வைக் கேட்டு அவர் எயுலாலியோவைப் பார்த்தார். எயுலாலியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஆனால் நேராக நின்றுகொண்டிருந்தார்.

குழு முடிவெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. செய்தியில் வந்த படம் காரணமா, டெர்லிஸும் இன்னும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு காரணமா, யாருக்கும் தெரியாது. உதவித்தொகையை நிறுத்தவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: இனி பள்ளியின் எந்த மாநாட்டிலும் அவளுக்கு இடமில்லை. கிடைத்ததற்கு அடையாளமாகக் கையெழுத்திடச் சொல்லி உத்தரவை நீட்டினார்கள்.

நிமியா கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. 'பெற்றுக்கொண்டேன். ஏற்கவில்லை' என்று தெளிவாக எழுதி, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டதால் வேகமாக நடந்தாள்.